நான் பெரிதாக்கிய கரண்டி

போன மாதம் உங்கள் அனிமேஷன் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர் திரையில் ஒரு மாட்டுவண்டிப் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கும்மா இழுக்கறீங்க?" என்று கேட்டேன். "வண்டி சின்னதா தெரியுது மேடம். லேயர் சைஸ்தானே, இழுத்துவிட்டா ஆச்சு" என்றார். நான் கத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கத்தியதற்காக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கோபப்பட்டதற்காகக் கேட்கமாட்டேன். அந்தக் கோபம் எனக்குள் ரொம்ப வருடமாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்பா அம்மா இரண்டு பேரும் குமராட்சிப் பக்கம் வயல் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் இந்தத் தொழிலைக் கற்றேன். ஐந்து கம்ப்யூட்டர், ஏழு பேர். பள்ளிப் பாடக் குறுந்தகடுகளும் லோக்கல் கேபிளுக்கு நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களும் செய்வோம். முதலாளி பாபு சார் நல்ல மனிதர்தான். யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். ஒரு முதலாளிக்கு அது எவ்வளவு பெரிய கெட்ட குணம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் சிதம்பரத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் நாலு நிமிடப் படம் ஒன்று கேட்டது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது என்று காட்டும் படம். கொள்ளிடக் கரை ஊர்களில் வெள்ளம் வடிந்த பிறகு வருடா வருடம் இந்த நோய் வரும். துணை சுகாதார நிலையங்களிலும் வெள்ள முகாம் பள்ளிக்கூடங்களிலும் டிவியில் ஓடவிடுவார்கள். கூட்டத்தில் சத்தம் கேட்காது என்பதால் பேச்சே இல்லாத படம். பார்த்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் அதைச் சிரத்தையாகச் செய்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சிரத்தையாகச் செய்தவளும் கெடுக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒரு லிட்டர் சொம்பும் டீஸ்பூனும் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் போட்டோ எடுத்து, அந்த அளவிலேயே தனித்தனி அடுக்குகளாக வரைந்தேன். சொம்பு ஒரு லேயர், கை ஒரு லேயர், கரண்டியும் அதிலிருக்கும் உப்பும் சேர்ந்து ஒரு லேயர்.

படங்களைச் சரிபார்க்கக் குமராட்சிப் பக்கத்துக் கிராம செவிலியர் வசந்தா சிஸ்டர் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்தார். கெட்டியான குரல், கையில் எப்போதும் குடை. திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

"கரண்டிக்குப் பக்கத்துல சொம்பு, சொம்புக்குப் பக்கத்துல கை. இது சரியா இருக்கு ஸ்டெல்லா" என்றார். "என்கிட்ட வர்ற பொம்பளைங்க எழுத்தப் பாக்கமாட்டாங்க. கரண்டி கையில எவ்ளோ பெருசுன்னு பாப்பாங்க. வூட்டுல போயி அதே பெருசுல ஒண்ணத் தேடுவாங்க. இத மட்டும் மாத்திடாதீங்க."

மாற்றமாட்டேன் என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

படத்தின் தொடக்கவிழா சிதம்பரத்தில், அந்த நிறுவனத்தின் அலுவலக ஹாலில். மதியம் மூன்று மணிக்கு வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றார்கள். நான் காலையிலேயே லேப்டாப்போடு போய்விட்டேன். பதினோரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் மோகன் படத்தை ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். சர்க்கரை போடும் காட்சி நெருக்கத்தில் இருந்ததால் அவருக்குப் பிரச்சினை இல்லை. உப்புக் காட்சியில் அம்மா, குழந்தை, அடுப்படி எல்லாம் சேர்ந்து தெரியும். அங்கே நிறுத்தச் சொன்னார்.

"மேடம், இங்கேருந்து பாத்தா ஸ்பூனே தெரியல. கெஸ்ட் எல்லாம் இங்கதான் உக்காருவாங்க. கொஞ்சம் பெருசாக்குங்க."

"சார், கரண்டிய மட்டும் பெருசாக்க முடியாது. அளவு மாறிடும். காட்சியையே நெருக்கமாக் காட்டணும். சொம்பு, கை, கரண்டி எல்லாம் சேர்ந்து பெருசாகணும். அதுக்குப் பின்னணியத் திரும்ப வரையணும், இருக்கறத இழுத்தா பிசிறடிக்கும். ஒரு நாள் ஆகும்."

"ஒரு நாளா? மூணு மணிக்கு வராங்க மேடம்."

அவர் என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. பாபு சாருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது.

"ஸ்டெல்லா, என்னம்மா இது, ஒரு லேயர்தானே. இழுத்துவிடு."

"சார், நர்ஸ் அளவு பாத்து ஓகே பண்ணது இது."

"விழாவுல நர்ஸா வந்து உக்காரப் போறாங்க? இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். அட்ஜஸ்ட் பண்ணிக்க."

இந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையை நீங்கள் தினமும் கேட்பீர்கள். எப்போதும் சிரித்த முகத்தோடு வரும். அதைச் சொல்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. அதன் விலையைக் கொடுக்கப் போகிறவர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உப்புக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டியிருக்கலாம். வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவே போவதில்லை. அல்லது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கலாம். இரண்டுமே எனக்குத் தோன்றின. ஆனால் ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், மாலை வாங்க ஆள் போயிருந்தார், எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டி லேயரைத் தேர்ந்தெடுத்து, மூலையைப் பிடித்து, இரண்டு மடங்குக்கு இழுத்தேன். கரண்டியோடு சேர்ந்து அதிலிருந்த உப்பும் வளர்ந்தது. அரை நிமிட வேலை.

"சார், இது இன்னிக்கு மட்டும்தான். டிவிடி காப்பி போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, சரியான காட்சி செஞ்சி அனுப்பறேன்" என்றேன்.

"கண்டிப்பா மேடம்" என்றார் மோகன். கடைசி வரிசையிலிருந்து பார்த்து, "இப்ப சூப்பரா தெரியுது" என்றார்.

விழா நடந்தது. கைதட்டினார்கள். எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

விழாவுக்காக நான் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த கோப்பிலிருந்து அன்றைக்கே நாற்பது டிவிடி போட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடலூருக்குத் திரும்பியதும் ஒரு நகைக்கடை விளம்பரம் காத்திருந்தது. நாளைக்குக் கேட்போம், நாளை மறுநாள் கேட்போம் என்று இருந்தேன். வாயால் சொன்னதோடு சரி, ஒரு தாளில்கூட எழுதிக் கொடுக்கவில்லை. மோகன் மேலும் பாபு சார் மேலும் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அந்த நாட்களில் விளம்பரத்துக்காக ஒரு நெக்லஸின் மினுமினுப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவள் மேல் இருக்கும் கோபத்துக்கு அதெல்லாம் ஈடில்லை.

மழை பிடித்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, குமராட்சிப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களுக்குள் வந்தது. சனங்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் காலை ஸ்டுடியோவுக்கு வசந்தா சிஸ்டரின் போன் வந்தது.

"ஸ்டெல்லா, என்னா படம் எடுத்து வச்சிருக்கீங்க நீங்க?"

"ஏன் சிஸ்டர்?"

"முகாம்ல ஒரு பொண்ணு கொழம்புக் கரண்டியில பாதி உப்ப அள்ளி சொம்புல போட்டிருக்கு. ஏன்டி இவ்ளோன்னு கேட்டா டிவியக் காட்டுது. நான் போயி நின்னு பாத்தேன். கொழம்புக் கரண்டிதான் இருக்கு அதுல. நான் பாத்தது அதில்லியே."

"கொழந்த குடிச்சிடுச்சா சிஸ்டர்?"

"அந்தக் கொழந்தைக்குப் பத்து மாசம். அதக் குடிச்சிட்டு ஜன்னி கண்டு இழுத்துக்கிச்சி. சிதம்பரம் ஆஸ்பத்திரில சேத்துருக்கு. ரத்தத்துல உப்பு ஏறிடுச்சின்னு சொல்றாங்க."

இரண்டு மடங்குதானே இழுத்தோம் என்று என் மனம் முதலில் கணக்குப் போட்டது. சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, பார்க்கிறவர் மனதில் ஆழமும் இரண்டு மடங்கு. அப்படியானால் கரண்டி கொள்ளும் உப்பு எட்டு மடங்கு. திரையில் நாம் இழுப்பது ஒரு தட்டையான படத்தை. பார்க்கிறவர் அதில் ஒரு பாத்திரத்தைப் பார்க்கிறார்.

குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டிலில் அந்தப் பெண் இருந்தாள். பெயர் செல்வி. இருபத்திரண்டு வயது இருக்கும். நடவுக்குப் போகிறவள். குழந்தை கையில் ஒட்டிய பிளாஸ்டரோடு அசையாமல் படுத்திருந்தது. டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் சத்தம் வராந்தா வரை கேட்டது. பிள்ளையைக் கொல்லப் பார்த்தியா, எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கெல்லாம் புத்தி வராதா என்று.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யார், என்ன என்று கேட்காமலே அவள் பேச ஆரம்பித்தாள்.

"டிவில காட்டுன மாதிரிதான் கரைச்சேன் அக்கா. ரெண்டு வாட்டி நின்னு பாத்துட்டுத்தான் கரைச்சேன். எல்லாரும் என்னையே ஏசறாங்க. எங்க வூட்டுக்காரரு எம்மூஞ்சியப் பாத்துப் பேசி ரெண்டு நாளாச்சி."

"நீ செஞ்சது தப்பில்ல செல்வி. அந்தக் கரண்டியப் பெருசாக்குனது நான்தான். அந்தப் படம் நான் செஞ்சது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஏன் பெருசாக்குனீங்க?"

"விழாவுக்கு வந்தவங்களுக்குக் கடைசி வரிசையிலேருந்து தெரியலன்னு சொன்னாங்க."

"அவுங்க வூட்டுக் கொழந்தைக்கு வயித்தால போச்சா?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்றேன். அவள் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக மோகனின் அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது டிவிடியும் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று பட்டியல் கேட்டேன்.

"மேடம், பதட்டப்படாதீங்க. 'அரை டீஸ்பூன்'னு கீழ எழுத்து வருதே. நம்ம பேர்ல தப்பில்ல."

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு சார் படம்?"

"ஒரு கேஸ்தான மேடம். இதப் பெருசு பண்ணாதீங்க."

"பெருசு பண்ணச் சொன்னதே நீங்கதான். இப்ப பட்டியல எடுங்க. இல்லன்னா நான் இங்கேருந்து எழுந்து நேரா கலெக்டர் ஆபீசுக்குப் போவேன்."

பாபு சார் மூன்று தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் பட்டியல் வந்தது. பதினோரு மணிக்கு ஹாலில் வராத தைரியம் இப்போது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அப்போதும் அது எனக்குள் இருந்திருக்கும். எடுத்துப் பயன்படுத்தவில்லை.

வசந்தா சிஸ்டர் முதலில் எல்லா நிலையங்களுக்கும் போன் போட்டு டிவியை நிறுத்தச் சொன்னார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் மினி பஸ்ஸில் ஏறினோம். இரண்டு நாள். சில இடங்களில் பாதை சேறாக இருந்ததால் இறங்கி நடந்தோம். போன இடத்திலெல்லாம் நான் டிவிடியைக் கழற்றிப் பையில் போடுவேன். சிஸ்டர் பெண்களைக் கூட்டி வைத்து நிஜச் சொம்பையும் நிஜ டீஸ்பூனையும் காட்டுவார். ஒரு முகாமில் ஒரு பெண் அப்போதுதான் கரைத்துவைத்த சொம்பை எடுத்துவந்தாள். சிஸ்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். சொம்பை என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர். அந்தச் சொம்பைக் கீழே கொட்டிவிட்டு சிஸ்டர் என்னிடம் சொன்னார்:

"உங்க மேல எனக்கு இருக்கற கோவத்த நான் இப்பக் காட்டமாட்டேன். இன்னும் பதினாறு ஊரு இருக்கு."

அந்த இரண்டு நாளும் அவர் என்னிடம் அதற்குமேல் பேசவில்லை. முப்பத்தொன்பது டிவிடி கிடைத்தன. மிச்சம் ஒன்று வெள்ளத்தில் நனைந்து போயிருந்தது என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வந்ததும் பின்னணியைப் பெரிதாக வரைந்து அந்தக் காட்சியை நெருக்கத்தில் செய்தேன். சரியாக ஒரு நாள்தான் ஆனது. பாபு சார் வந்து பக்கத்தில் நின்றார். "நீ என்கிட்ட இன்னும் கறாரா சொல்லியிருக்கணும்மா" என்றார். "நீங்க கேட்டிருக்கணும் சார்" என்றேன். இரண்டுமே உண்மை. அதன் பிறகு நான் செய்த எந்தப் படத்தையும், அளவு காட்டும் படமாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து பேருக்குச் சத்தமில்லாமல் காட்டி, பார்த்ததை அவர்கள் கையால் செய்யச் சொல்லாமல் வெளியே விட்டதில்லை. ஒரு லேயரை மட்டும் தனியாக மாற்றச் சொன்னால், யார் சொன்னது, எதற்காக என்று எழுதிக் கையெழுத்து கேட்பேன். அதனாலேயே எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் அந்தப் பெயர் வந்தால் பயப்படாதீர்கள்.

ஆறாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். போனேன். குழந்தை செல்வியின் தோளில் கிடந்து அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சீட்டை நீட்டினாள்.

"என்னா எழுதியிருக்கு அக்கா?"

வீட்டுக்கு அனுப்பும் சீட்டு, இங்கிலீஷில் இருந்தது. காரணம் என்ற இடத்தில், தாய் தவறான அளவில் கரைசல் கொடுத்ததால் என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சீட்டையும் என் பையிலிருந்த பழைய டிவிடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன். யாரென்று சொல்லி, பார்க்கச் சொன்னேன். அவருக்கு நேரமில்லை என்றார். நான்கு நிமிடம்தான் என்றேன், நகரவில்லை. கம்ப்யூட்டரில் போட்டார். உப்புக் காட்சி வந்ததும் தானாகவே நிறுத்தினார். திரும்ப ஓட்டினார்.

"இதப் பாத்தா நானும் அவ்ளோதான் போட்டிருப்பேன்" என்றார்.

"அப்ப சீட்ட மாத்துங்க சார்."

"கொழந்த பொழச்சிடுச்சேம்மா. சீட்டுல என்ன இருக்கு?"

"அவ பேரு இருக்கு."

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு பழைய வரியை அடித்துவிட்டு, படத்தில் காட்டப்பட்ட தவறான அளவைத் தாய் அப்படியே பின்பற்றியதால் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவளைத் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதற்கு ஒரு மன்னிப்பைக் கேட்டு வாங்காமல் வந்தேன். கேட்டிருக்க வேண்டும்.

செல்வியிடம் வந்து படித்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "எங்க வூட்டுக்காரரு வெளிய ஆட்டோகிட்ட நிக்கறாரு. அவருகிட்ட படிங்க அக்கா" என்றாள்.

வாசலில் வெயிலில் அவர் நின்றிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். மனைவியைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் சீட்டை விரித்து, மெதுவாக, தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். முடித்ததும் அவர் செல்வியின் கையிலிருந்த பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ மொதல்ல ஏறு" என்று அவளிடம் சொன்னார். அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"படம் எடுத்தவங்க யாரு?"

"நான்தான்."

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு நாளாகத் தன் மனைவி மேல் வைத்திருந்த கோபம் அந்தப் பார்வையில் இருந்தது. நான் தலையைக் குனியவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.